கார்ப்பெட்டை விட்டு இறங்கும் அந்த மூன்று அடி

கேள்வி: ஐயா, மயிலாடுதுறை பக்கம் நான்கு ஆட்களை வைத்துக்கொண்டு கார்ப்பெட், சோபா கழுவும் தொழில் செய்கிறேன். ஐந்து வருடம் ஆகிறது. போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் மணமகள் அறை, மணமேடை, மேடைப் படிகள் ஆகியவற்றில் கார்ப்பெட் கழுவினோம். பிற்பகல் 3 மணிக்கு வேலையை முடித்து, ‘ஈரம், கவனம்’ என்று பலகையும் வைத்துவிட்டு வந்தோம். 6 மணிக்குப் பெண் வீட்டார் வந்து இறங்கினார்கள். மணமகளின் பெரியம்மா அறையிலிருந்து வெளியே வரும்போது வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. அவர் கார்ப்பெட்டில் விழவில்லை, வெளியே கிரானைட் தரையில்தான் விழுந்தார். ஆனாலும் மண்டபத்துக்காரர் மருத்துவச் செலவை என்னிடம் கேட்கிறார். அதே நாள் காலையில் என் ஆள் ஒருவனும் மேடைப் படியில் சறுக்கி முழங்காலில் அடிபட்டான். பலகை வைத்தோம், வாயாலும் சொன்னோம். இதற்கு மேல் நாங்கள் என்ன செய்ய முடியும்?
— ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்:

தம்பி,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு மூன்று முறை படித்தேன். “அவர் கார்ப்பெட்டில் விழவில்லை, வெளியே கிரானைட் தரையில்தான் விழுந்தார்.” உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதற்குச் சான்றாக இதை எழுதியிருக்கிறீர்கள். இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த அம்மா ஏன் விழுந்தார் என்ற கேள்விக்கு விடையே அந்த வரிதான். என் கண்ணெதிரே விழுந்தவர்களையும், விழுந்ததாக நான் கேள்விப்பட்டவர்களையும் எண்ணிப் பார்த்தால், ஈரக் கார்ப்பெட்டின் நடுவில் விழுந்தவர் என்று ஒருவரைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. எல்லோரும் அதை விட்டு இறங்கும் இடத்தில்தான் விழுந்தார்கள்.

நீங்கள் மயிலாடுதுறைக்காரர். வயலில் இறங்கியிருப்பீர்கள். நடவு நடக்கும் சேற்றில் கணுக்கால் புதைய நடக்கும்போது நாம் அவ்வளவாக விழுவதில்லை. அதே சேற்றுக் காலோடு வாய்க்கால் மதகின் சிமென்ட் மேடையில் ஏறும்போதுதான் சறுக்கி விழுகிறோம். சேறு காலைப் பிடித்துக்கொள்கிறது, சிமென்ட் பிடிப்பதில்லை. உடம்பு மட்டும் இன்னும் சேற்றில் நடக்கும் நடையையே நடந்துகொண்டிருக்கிறது. கார்ப்பெட்டிலும் இதேதான் நடக்கிறது. ஈரமான கார்ப்பெட்டில் இழைகளுக்கு நடுவே தண்ணீர் ஒதுங்கிக்கொள்ள இடம் இருக்கிறது, பாதமும் இழைகளில் பதிகிறது. அங்கிருந்து பாலிஷ் போட்ட கிரானைட்டில் கால் வைத்ததும், பாதத்தோடு வந்த தண்ணீர் ஒதுங்க இடமில்லாமல் காலுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு மெல்லிய படலமாக நின்றுவிடுகிறது. அந்தத் தண்ணீரில் நாம் போட்ட ஷாம்பூவும் இருக்கிறது. வெறும் தண்ணீர் திட்டுத் திட்டாக நிற்கும், ஷாம்பூ கலந்த தண்ணீர் விரிந்து பரவும். வெறும் தண்ணீரைவிட அது மோசம். அமெரிக்காவில் தரை ஓடுகளுக்கான தரநிலை ஒன்று இருக்கிறது. கட்டடத்துக்குள் ஈரத்தில் நடக்க வேண்டிய சமதளத் தரைக்கு உராய்வுக் கெழு, அதாவது தரை காலைப் பிடிக்கும் அளவைச் சொல்லும் எண், குறைந்தது 0.42 இருக்க வேண்டும் என்கிறது அது. கண்ணாடிபோல் பாலிஷ் போட்ட கல் நனைந்துவிட்டால் பெரும்பாலும் அந்த அளவை எட்டாது. நம் மண்டபங்களின் கிரானைட்டும், வீடுகளில் பதிக்கும் பளபளப்பு டைல்ஸும் இந்த ரகம்தான். பழைய கும்பகோணத்து வீடுகளின் சிவப்பு சிமென்ட் தரையும், தேய்த்துத் தேய்த்து மெருகேறியிருந்தால் இதற்குச் சளைத்ததல்ல.

ஆகவே நீங்கள் கழுவியது கார்ப்பெட்டை. வழுக்கலாக்கியது அதை ஒட்டிய தரையை. அந்தத் தரையும் உங்கள் வேலையில் அடக்கம் என்று நீங்கள் நினைக்காததுதான் நடந்த தவறு. இதைச் சொல்வதற்கு வருத்தப்பட வேண்டாம். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2009ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், கும்பகோணத்தில் ஒரு வீடு. கூடத்தில் பெரிய கார்ப்பெட். கழுவி முடித்து, இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். எங்களுக்குக் காபி கொண்டுவந்த அந்த வீட்டு மருமகள், கார்ப்பெட்டின் குறுக்கே நடந்து, ரேழியின் தரையில் இரண்டாவது அடி வைத்ததும் அப்படியே பின்னால் சாய்ந்தார். நிலைப்படியின் விளிம்பில் தலை பட்டது. தையல் போட வேண்டியிருந்தது, அதற்கு மேல் விபரீதம் இல்லை. ஆஸ்பத்திரிக்கு அவரை அனுப்பிவிட்டு நான் மட்டும் திரும்பி வந்து அந்தத் தரையைப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. கார்ப்பெட் ஓரத்திலிருந்து அவர் காலடிகள் தெளிவாகத் தெரிந்தன. முதல் தடத்தில் ஐந்து விரல்களும் குதிகாலும் முழுதாக இருந்தன. இரண்டாவது, அவர் கால் இழுபட்ட நீண்ட கோடு. பக்கத்தில் எங்கள் ஆட்களின் தடங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போனால், நான்காவதில் குதிகாலும் பெருவிரலும் மட்டும். ஐந்தாவதில் ஒன்றுமில்லை.

அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம் ஒன்றை இன்றுவரை விடவில்லை. வேலை முடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, மற்றவர்கள் எந்த வழியாக நடப்பார்களோ அந்த வழியாக நானே வெறுங்காலோடு நடந்து, கார்ப்பெட்டை விட்டு இறங்குகிறேன். இறங்கியபின் தரையில் எத்தனை தடம் தெரிகிறது என்று எண்ணுகிறேன். அத்தனை காலடி தூரமும் அபாயமான இடம். நன்றாக உறிஞ்சி எடுத்த கார்ப்பெட் என்றால் இரண்டு தடத்துக்கு மேல் வராது. ஐந்தாறு தடம் வந்தால் கார்ப்பெட்டில் தண்ணீரை விட்டுவிட்டோம் என்று பொருள், மறுபடியும் வேக்குவம் போட வேண்டும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. நம் ஊரில் வீட்டிலும் மண்டபத்திலும் எல்லோரும் வெறுங்காலோடுதான் நடக்கிறார்கள் என்பதால், உங்கள் வெறுங்காலே சரியான அளவுகோல்.

தண்ணீரைக் குறைப்பதிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. உங்கள் ஆட்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று ஒரு நாள் பாருங்கள். தண்ணீர் பாய்ச்சி உறிஞ்சும் இயந்திரத்தின் விசையை அழுத்தித் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே ஒரு முறை இழுப்பார்கள், உடனே அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். நேரம் மிச்சம் என்று நினைப்பு. தண்ணீர் பாய்ச்சி ஒரு இழுப்பு என்றால், விசையை விட்டுவிட்டு அதே இடத்தில் வெறும் உறிஞ்சலாக இரண்டு இழுப்பு வேண்டும். ஆட்களிடம் “ஒன்றுக்கு இரண்டு” என்று சொல்லிப் பழக்குங்கள். கதவோரத்திலும் படியோரத்திலும் ஒன்றுக்கு நான்கு.

அடுத்தது ஷாம்பூ. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போகப் போக ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதில் நுரை சரியாக எழும்பாது. நுரை வரவில்லையே என்று ஆட்கள் இன்னும் ஒரு மூடி, இன்னொரு மூடி என்று ஊற்றுவார்கள். நுரைக்கும் அழுக்கு போவதற்கும் அவர்கள் நினைக்கும் அளவுக்குச் சம்பந்தமில்லை. அதிகமாக ஊற்றியது எங்கேயும் போகாது. பாதி கார்ப்பெட்டிலேயே பிசுக்காகத் தங்கி அடுத்த மாதமே அழுக்கை இழுக்கும், மீதி கால்களில் ஒட்டித் தரைக்கு வரும். கேன் மேல் போட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். கடைசி ஓட்டம் வெறும் நல்ல தண்ணீராக இருக்கட்டும். உப்புத் தண்ணீர் உள்ள இடங்களுக்கு நான் வண்டியிலேயே 100 லிட்டர் நல்ல தண்ணீர் எடுத்துப்போகிறேன், கடைசி அலசலுக்கு மட்டும். சுமைதான், ஆனாலும் எடுத்துப்போகிறேன்.

பலருக்குப் பிடிபடாத இன்னொன்று இருக்கிறது. கறை மருந்தையோ, கறை பிடிக்காமல் இருக்கப் பூசும் மருந்தையோ கைத் தெளிப்பானால் அடிக்கும்போது, சாரல் கார்ப்பெட்டின் விளிம்பைத் தாண்டிப் பக்கத்துத் தரையில் படிகிறது. கண்ணுக்குத் தெரியாது. நிமிர்ந்து பார்த்தால் தரை உலர்ந்திருப்பது போலவே இருக்கும். குனிந்து கையால் தடவினால்தான் வழவழப்பு தெரியும். மாலையில் யாரோ நடந்து வந்து விழும்போது, “தரை காய்ந்துதானே இருந்தது, எப்படி விழுந்தார்?” என்று எல்லோரும் வியப்பார்கள். ஓரங்களில் தெளிப்பானைத் தாழப் பிடித்து உள்பக்கம் பார்த்து அடிக்க வேண்டும். தரையோரத்தில் பழைய துணியை விரித்துக்கொள்ளலாம். எப்படிச் செய்தாலும், கிளம்பும் முன் கார்ப்பெட்டை ஒட்டிய தரையை ஒரு கஜ அகலத்துக்கு முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியாலும், பிறகு உலர்ந்த துணியாலும் துடையுங்கள். இந்த ஒரு வேலையை மட்டும் செய்திருந்தால்கூட அந்த அம்மாவின் கை தப்பியிருக்கலாம்.

இனி உலர்வது பற்றி. நீங்கள் 3 மணிக்கு முடித்து, 6 மணிக்கு மக்கள் வந்திருக்கிறார்கள். தண்ணீர் பாய்ச்சி உறிஞ்சும் முறையில் ஒழுங்காகச் செய்த கார்ப்பெட், நல்ல காற்றோட்டத்தில் உலர 6 முதல் 8 மணி நேரம் ஆகும். அது நல்ல நாளின் கணக்கு. நம் பகுதியில் எல்லா மாதமும் ஒரே கணக்கு இல்லை. ஆடியில் தென்மேற்குக் காற்று வீசும்போது எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிட்டால் போதும், காலையில் கழுவியது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காலில் ஒட்டாது. ஐப்பசி, கார்த்திகையில் அதே ஜன்னலைத் திறந்துவைத்தால் வெளியே இருக்கும் ஈரம் உள்ளே வருகிறது. காற்று ஏற்கெனவே ஈரத்தில் ஊறியிருக்கும்போது கார்ப்பெட்டின் ஈரத்தை வாங்கிக்கொள்ள அதற்கு இடமில்லை. அறையைப் பூட்டி மின்விசிறியை மட்டும் போட்டுவிட்டு வருவதும் அப்படித்தான், அதே ஈரக் காற்று உள்ளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். மழை மாதத்தில் மணமகள் அறை போன்ற ஏசி அறைகளில், கதவு ஜன்னலை அடைத்து ஏசியைப் போட்டு, கூடவே மின்விசிறியும் சுழல விடுங்கள். ஏசி காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்து வெளியே சொட்டவிடுகிறது, விசிறி கார்ப்பெட்டின் மேலுள்ள ஈரக் காற்றைக் கலைத்து ஏசியிடம் கொண்டுபோகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். ஏசி இல்லாத மேடைக்குத் தரையோடு ஊதும் பெரிய காற்றாடி இரண்டு வாங்குங்கள். தலைக்கு மேல் சுழலும் விசிறியைவிட, கார்ப்பெட்டின் மேல் தவழ்ந்து போகும் காற்றுதான் ஈரத்தை எடுக்கும்.

ஒரு நாளைத் தாண்டியும் ஈரமாகவே இருந்தால் பூஞ்சை நாற்றம் வந்துவிடும், அது தனிக் கதை.

மண்டபக்காரர்களிடம் நான் ஒவ்வொரு வருடமும் சொல்லிவரும் யோசனை, பெரிய கழுவலை ஆடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்பது. கல்யாணம் இல்லாத மாதம், காற்றும் இலவசம். மார்கழியிலும் மண்டபம் காலியாகத்தான் இருக்கும், ஆனால் பனி ஈரத்தில் காய இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். முகூர்த்த மாதங்களில் வறண்ட வேக்குவமும், கறை பட்ட இடத்தில் மட்டும் கைவேலையும் போதும். கட்டாயம் முழுவதும் செய்ய வேண்டும் என்றால், சுழலும் பஞ்சுத் தட்டால் மேலாகத் துடைத்தெடுக்கும், தண்ணீர் மிகக் குறைவாகப் பிடிக்கும் முறை இருக்கிறது, ஓரிரு மணி நேரத்தில் உலர்ந்துவிடும். அழுக்கு ஆழத்திலிருந்து வராது, ஆனால் அன்றைய மாலைக்கு அது போதும்.

இங்கேதான் உங்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். அந்த வேலையை நீங்கள் ஒத்துக்கொண்டிருக்கவே கூடாது. மறுநாள் முகூர்த்தம் என்றால் முதல்நாள் மாலை பெண் வீட்டார் வருவார்கள், மாப்பிள்ளை அழைப்பு இருக்கும், வயதானவர்களும் குழந்தைகளும் பட்டுப்புடவைகளும் அந்த அறைக்கும் கூடத்துக்கும் நடுவே நூறு முறை நடப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இனி ஒரு வேலையைப் பேசும்போது என்ன விலை என்று பேசுவதற்கு முன்னால், “இந்த இடத்தில் அடுத்து எத்தனை மணிக்கு ஆள் நடப்பார்கள்?” என்று கேளுங்கள். வேலை முடியும் நேரத்திலிருந்து 8 மணி நேரம் இல்லை என்றால், மழை மாதத்தில் 12 மணி நேரம் இல்லை என்றால், முழுக் கழுவல் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு நாள் கூலி போகும். நான்கு ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கும் ஒருவருக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும், நானும் கொடுத்தவன்தான். இருந்தாலும் சொல்லுங்கள்.

“பலகை வைத்தோம்” என்கிறீர்கள். பலகை வைப்பது நல்லதுதான். ஆனால் கல்யாண வீட்டில் யார் பலகையைப் படிக்கிறார்கள்? சீர்வரிசைத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வருபவர் தன் காலையே பார்க்க முடியாது, தரையில் நிற்கும் பலகையை எங்கே பார்ப்பார்? குழந்தை அதைச் சாய்த்து விளையாடும். நான் பலகையோடு சேர்த்து, ஈரமான வழியின் குறுக்கே இரண்டு நாற்காலிகளை ஒட்டிப் போட்டுவிடுகிறேன். பலகை கேட்டுக்கொள்கிறது, நாற்காலி நிறுத்திவிடுகிறது. சுற்றிப் போக வேறு வழி இருக்கிறதா என்று பார்த்து, அதைத் திறந்துவிட்டு, அங்கே விளக்கையும் போட்டுவைக்க வேண்டும். வழியே இல்லாமல் அடைத்தால் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போவார்கள், அதில் தப்பும் சொல்ல முடியாது.

அறைக்குள் போயே ஆக வேண்டும் என்றால் கார்ப்பெட் ஓரத்தில் மிதியடி தேவை. அங்கேயும் ஒரு அபாயம் இருக்கிறது. அவசரத்துக்குப் பழைய புடவை, செய்தித்தாள், பிளாஸ்டிக் விரிப்பு என்று கையில் கிடைத்ததைப் போடுகிறோம். பாலிஷ் கல்லின் மேல் இவை எல்லாமே காலோடு சேர்ந்து நகரும், வெறும் ஈரத் தரையே தேவலை என்றாகிவிடும். அடியில் ரப்பர் வைத்த, தண்ணீர் உறிஞ்சும் மிதியடியைப் போடுங்கள். போட்டுவிட்டுக் குதிகாலால் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள், நகர்ந்தால் அது உதவாது. நனைந்து சொதசொதத்ததும் மாற்ற இன்னொன்று வேண்டும்.

உங்கள் ஆள் விழுந்ததைக் கடிதத்தின் கடைசியில் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அதுவும் பெரிய விஷயம்தான். அவன் காலில் என்ன போட்டிருந்தான்? ஹவாய் செருப்பாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். அடிப்பக்கம் தேய்ந்து கோடுகள் மறைந்த ஹவாய் செருப்பு ஈரத்தில் சறுக்குப் பலகை போல ஆகிவிடும். வெறுங்காலும் சரியில்லை, நாள் முழுக்க ஷாம்பூத் தண்ணீரில் நின்றால் விரலிடுக்கு வெந்துபோகும். அடியில் ஆழமான பள்ளங்கள் உள்ள, முன்னும் பின்னும் மூடிய ரப்பர் அடி ஷூ வாங்கிக் கொடுங்கள். அழுக்குப் படாமல் இருக்க ஷூ மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறையை ஈர வேலைக்குத் தொடவே கூடாது.

படிகளில் எப்படி வேலை செய்தான் என்றும் கேளுங்கள். கீழிருந்து கழுவிக்கொண்டே மேலே போயிருந்தால், இறங்கும்போது ஒவ்வொரு படியும் அவனே நனைத்துவைத்த படி. படி என்றால் எப்போதும் மேலிருந்து கீழே. அவன் நிற்கும் படி இன்னும் நனையாத படியாக இருக்க வேண்டும், கழுவுவது முகத்துக்கு நேரே இருக்கும் மேல்படி. மேடைக்கு இரண்டு பக்கம் படி இருந்தால் ஒரு பக்கத்தை முழுவதும் காயவைத்துத் திறந்துவிட்ட பிறகே மறுபக்கம். மேடைப் படிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் மண்டபங்களில் பல இடங்களில் சிவப்புக் கார்ப்பெட்டை டபுள் டேப் போட்டு ஒட்டியிருப்பார்கள். தண்ணீர் பட்டால் அந்த ஒட்டு விட்டுவிடும், படி விளிம்பில் கார்ப்பெட் நாக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். வழுக்காதவரைக்கூட அது தடுக்கிவிடும். கழுவும் முன்பே விளிம்பு ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் நெம்பிப் பாருங்கள், கிளம்பும் முன் மறுபடி பாருங்கள். பெயர்ந்திருந்தால் மண்டபக்காரரை அழைத்துக் காட்டி, ஆணி அடிக்கும்வரை அந்தப் பக்கத்தை அடைத்துவையுங்கள்.

குழாய், மின்கம்பி விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். சுவரோரமாகக் கொண்டுபோங்கள், வாசலைக் குறுக்கே கடந்தால் அங்கே ஒரு ஆள் நிற்கட்டும், இணைப்புகளின் அடியில் துணி போடுங்கள். அழுக்குத் தண்ணீரை வாளியில் விளிம்புவரை நிரப்பித் தூக்க வேண்டாம், தளும்பிய தண்ணீர் எல்லாம் கூடத்து நடுவில்தான் கிடக்கும். ஈரத்தில் மின் இயந்திரம் ஓடுவதால், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உள்ள நீட்டிப்புப் பெட்டியை உங்கள் வண்டியிலேயே வைத்திருங்கள், மண்டபத்தின் வயரிங்கை நம்பாதீர்கள்.

இவ்வளவும் செய்தும் ஒருவர் விழுந்துவிட்டால், உடனே நான்கு பேர் ஓடிப்போய் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார்கள். அதைத் தடுங்கள். முதலில் எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். வயதானவர் இடுப்பிலோ தொடையிலோ வலி என்றால், அல்லது ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால், இடுப்பெலும்பு முறிந்திருக்கக்கூடும். எழுப்பவே கூடாது, தலைக்கு ஏதாவது மெத்தென்று வைத்து 108க்குச் சொல்லுங்கள். தைலம் போட்டு உருவிவிடுவதும், சுளுக்கு என்று நினைத்து இழுத்துவிடுவதும் வேண்டாம். பாசத்தில் காபியோ சோடாவோ கொடுப்பார்கள், அதுவும் வேண்டாம். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் வயிறு காலியாக இருப்பது நல்லது. தலையில் அடிபட்டு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், எழுந்து நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். சின்ன விஷயமாக இதை நினைக்க வேண்டாம். உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எதிர்பாராத காயங்களால் வரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அதில் 80 சதவீதத்துக்கு மேல் நம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் நடக்கிறது. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி நாம் நகர்ந்துவிடுகிறோம். சறுக்கும்படி தரையை ஆக்கிவைத்தவர் யார் என்று கேட்பதில்லை.

பணம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சட்டப்படி எவ்வளவு உங்கள் தலையில் விழும் என்பதை உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் கேளுங்கள், நான் அதற்குத் தகுதியானவன் அல்ல. என் மனதுக்குப் பட்டதைச் சொல்கிறேன். மண்டபத்துக்காரருக்கும் இதில் பங்கு இருக்கிறது, ஏனென்றால் மூன்று மணி நேரத்தில் ஆள் வரும் அறையைக் கழுவச் சொன்னவர் அவர். அவரோடு உட்கார்ந்து பேசிச் செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். “கார்ப்பெட்டில் விழவில்லை” என்ற வாதத்தை மட்டும் அங்கே எடுக்காதீர்கள். அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். அந்த அம்மா வீட்டுக்கு நேரில் போய் வாருங்கள். தங்கை மகள் கல்யாணத்தில் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தவர் அவர். உங்கள் ஆளின் முழங்காலுக்கான செலவு மட்டும் யாரோடும் பகிர முடியாது. வேலை செய்யும்போது அடிபட்ட தொழிலாளிக்கு இழப்பீடு தருவது முதலாளியின் கடமை என்று இந்த நாட்டில் 1923ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அவன் வேலைக்கு வராத நாட்களுக்கும் கூலி கொடுங்கள். இனிமேலுக்கு, தொழிலாளர் காப்பீடு ஒன்றும், வாடிக்கையாளர் இடத்தில் மூன்றாம் நபருக்கு அடிபட்டால் ஈடுசெய்யும் பொறுப்புக் காப்பீடு ஒன்றும் எடுத்துவையுங்கள். பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களின் கிளைகள் பக்கத்திலேயே இருக்கும், போய் விசாரியுங்கள்.

ரசீதின் கீழே இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: வேலை முடிந்த நேரம், எத்தனை மணிவரை நடக்கக் கூடாது என்பது. மண்டப மேலாளரிடம் கையெழுத்து வாங்கும்போது அவரையும் கூட்டிப்போய் ஓரத் தரையைக் காட்டுங்கள். வாயால் சொன்னது ஒரு மணி நேரத்தில் மறந்துபோகும், கண்ணால் பார்த்தது கொஞ்சம் நிற்கும்.

அடுத்த வேலை எந்த மண்டபம் என்று எழுதவில்லை. எதுவானாலும், ஆட்களை வண்டியில் ஏறச் சொல்லும் முன் செருப்பைக் கழற்றிவிட்டு நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள். மேடையிலிருந்து இறங்கி, கூடத்துக் கல்லில் கால் வைத்து, திரும்பிப் பாருங்கள். எத்தனை தடம் இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.